பாதில நின்ன 1936 ஃபோர்டு: முன்பக்க ஐஎஃப்எஸ் (ரெண்டு வீலும் தனித்தனியா ஆடற சஸ்பென்ஷன்), டிஸ்க் பிரேக் கோக்கறதுல சந்தேகம்

எட்டுசிலிண்டர்_பித்தன்

வணக்கம் மக்களே. யாரோ ஆரம்பிச்சு பாதில விட்ட 1936 ஃபோர்டு கூப் ஒன்னு கைக்கு வந்திருக்கு. பாடி தனியா, சேஸிஸ் தனியா, மிச்சம் எல்லாம் டப்பா டப்பாவா வந்துது. பழைய ஐ பீம் ஆக்ஸிலையும் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கையும் முந்தி வெச்சிருந்தவர் கழட்டி வெச்சிட்டாரு, ஃப்ரேம் ரெயிலை பாக்ஸ் பண்ணி (திறந்த பக்கத்தைத் தகடு வெச்சு மூடி) மஸ்டாங் 2 டைப் கிராஸ் மெம்பரை (ஃபோர்டு மஸ்டாங் 2 கார் பாணி முன் சஸ்பென்ஷனுக்கான குறுக்குச் சட்டம்) வெல்டும் அடிச்சு முடிச்சிட்டாரு. டப்பால இருந்தது ட்யூப் கண்ட்ரோல் ஆர்ம் மேல கீழ ரெண்டு செட், 2 இன்ச் டிராப் ஸ்பிண்டில் (வண்டியை 2 இன்ச் தாழ்த்தற வீல் அச்சு), மேனுவல் ரேக் (பவர் இல்லாத ஸ்டீயரிங்), 11 இன்ச் ரோட்டார் (பிரேக் டிஸ்க்), ஜிஎம் காலிபர் (டிஸ்க்கைக் கவ்வறது). மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில, பூஸ்டர் (மிதிக்கற பலத்தைக் கூட்டறது) கிடையாது. பின்னாடி டிரம்.

இப்ப எங்க மாட்டியிருக்கேன்னா, ஆர்ம் எல்லாம் கோத்தாச்சு ஆனா காயில் ஸ்பிரிங் உள்ள போட்டா கீழ் ஆர்ம் தரையைப் பாத்துத் தொங்குது, வீல் ரெண்டும் கோணலா நிக்குது, ஜாக்கி போட்டு கீழ் ஆர்மைத் தூக்கினா ஸ்பிரிங் அமுங்கவே மாட்டேங்குது, சேஸிஸ்தான் ஸ்டாண்டை விட்டு எழும்புது. எஞ்சின் இன்னும் ஏத்தலை. ஸ்பிரிங் தப்பா வந்திருக்கா, கட் பண்ணணுமா?

ரெண்டாவது, கிராஸ் மெம்பரை அவர் சரியா வெச்சு அடிச்சாரான்னு எப்படி செக் பண்றது? வெல்டு பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அழகை வெச்சு என்ன பண்ண.

மூணாவதுதான் பெரிய தலைவலி. பிரேக் லைன் எல்லாம் அவர் போட்டு வெச்சதுதான், காலிபரும் அவர் மாட்டினது, நான் ஆயில் ஊத்தி லைன்ல இருக்குற ஏர் எடுத்தேன், எடுக்க எடுக்க பெடல் மெத்துன்னு கீழ போகுது, கெட்டியாகவே மாட்டேங்குது. லீக் எங்கயும் தெரியலை. இதுல இன்னொரு கூத்து, ஒருக்கா மிதிச்சு விட்டப்புறம் முன் ரோட்டாரைக் கையால சுத்தினா இறுக்கமா இருக்கு, விடவே மாட்டேங்குது. மெத்துன்னும் இருக்கு, பிடிச்சுக்கிட்டும் இருக்கு, இது எப்படி ஒரே நேரத்துல ரெண்டும்?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. போட்டோ கேப்பீங்கன்னு தெரியும், சாயந்தரம் போடறேன்.

---

ஸ்பானர்_செட்டு

முதல் வேலை, அந்த ரெண்டு ஸ்பிரிங்கையும் கழட்டி ஓரமா வைங்க. ஸ்பிரிங்ல ஒரு குறையும் இல்லை. அது எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி, ரேடியேட்டர் அத்தனை வெயிட்டையும் தாங்கறதுக்குன்னு வெச்ச ஸ்பிரிங், வெறும் சேஸிஸை வெச்சு அதை அமுக்க நினைச்சா சேஸிஸ்தான் எழும்பும், வேற என்ன நடக்கும். சில பேர் சேஸிஸை சங்கிலி போட்டு தரையோட கட்டிட்டு ஜாக்கியை ஏத்துவாங்க, தயவுசெஞ்சு அந்த வேலைக்குப் போயிடாதீங்க. அமுங்கின காயில் ஸ்பிரிங் பக்கவாட்டுல தெறிச்சா முன்னாடி நிக்கிற ஆளோட மூஞ்சிதான் குறி. கட் பண்றது பத்தியும் இப்ப யோசிக்காதீங்க, முழு வெயிட் ஏறி வண்டி கொஞ்ச தூரம் ஓடி ஸ்பிரிங் உக்காந்தப்புறம்தான் உயரம் என்னன்னே தெரியும். அப்பவும் கட் பண்ணணும்னா அரை சுத்து அரை சுத்தா கட்டிங் வீல்லதான், கேஸ் கட்டர் வெச்சு சூடு ஏத்தினா ஸ்பிரிங்கோட டெம்பர் போயிடும். கட் பண்ணா உயரம் மட்டும் குறையாது, ஸ்பிரிங் கெட்டியாவும் ஆகும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப ஸ்பிரிங்குக்கு பதிலா என்ன பண்ணணும்னா, ஷாக் அப்சார்பர் வர்ற இடத்துல ஒரு இரும்புப் பட்டையோ ட்யூபோ போடுங்க. கிட்டோட பேப்பர்ல ரைடு ஹைட்ல (வண்டி தரையில நிக்கற உயரம்) ஷாக் நீளம் எவ்வளவுன்னு போட்டிருப்பான், அந்த நீளத்துக்கு ரெண்டு ஓட்டை போட்டு மேலயும் கீழயும் போல்ட்டு மாட்டிட்டா சஸ்பென்ஷன் ரைடு ஹைட்லயே பூட்டின மாதிரி நின்னுடும். பேப்பர் இல்லைன்னா கீழ் ஆர்மோட உள் பிவட் போல்ட்டு சென்டரும் பால் ஜாயின்ட் சென்டரும் தரையில இருந்து ஒரே உயரத்துல வர்ற மாதிரி வைங்க, மஸ்டாங் 2 டைப் கிட்டுல பெரும்பாலும் அதுதான் ரைடு ஹைட். இப்படி பூட்டினப்புறம் வீல் மாட்டிப் பாருங்க, கோணல் எல்லாம் போயிருக்கும். ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் நீளம், எக்ஸாஸ்ட் க்ளியரன்ஸ், ஃபெண்டர் இடைவெளி எல்லாத்தையும் இந்த நிலையிலயே பாத்து முடிச்சிடுங்க. ஸ்பிரிங் கடைசில எஞ்சின் ஏத்தினப்புறம் போட்டாப் போதும், அப்ப சாதா ஜாக்கிக்கே அமுங்கும். போடும்போது காயிலோட கீழ் நுனி ஆர்ம்ல இருக்குற பள்ளத்துல கரெக்டா உக்காந்திருக்கான்னு விரல் விட்டுப் பாத்துக்கோங்க, அது ஒரு இன்ச் தள்ளி உக்காந்தாலே ஒரு பக்கம் உயரமா நிக்கும், அப்புறம் ஸ்பிரிங்கைத்தான் திட்டுவோம்.

கிராஸ் மெம்பர் செக் பண்றதுல தாங்க முக்கியமான விஷயம் இருக்கு. ஃப்ரேமை லெவலா வெச்சு பாக்கக்கூடாது, வண்டி ஓடும்போது எந்த சாய்வுல நிக்கப்போகுதோ அந்த சாய்வுல வெச்சு பாக்கணும். ஹாட் ராடுன்னா (இப்படி மாத்திக் கட்டின பழைய வண்டி) முன்னாடி கொஞ்சம் இறங்கி பின்னாடி ஏறித்தான் நிக்கும். ஃப்ரேமை லெவலா வெச்சு கிராஸ் மெம்பரை அடிச்சுட்டு, அப்புறம் பெரிய பின் டயர் போட்டு மூக்கை 2 டிகிரி இறக்கினா கேஸ்டர்ல (ஸ்டீயரிங் அச்சு பின்னாடி சாயற கோணம்) நேரா 2 டிகிரி காலி. அதனால நீங்க போடப்போற டயர் சைஸுக்கு ஸ்டாண்டை செட் பண்ணிட்டு, கீழ் ஆர்ம் பிவட் போற குழாய் மேல ஆங்கிள் கேஜ் வெச்சு முன்னும் பின்னும் லெவலா இருக்கான்னு பாருங்க. மேல் ஆர்ம் மவுண்ட் பிளேட் லெவலா இருக்காது, பின்பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கும், அது பிரேக் போடும்போது மூக்கு குத்தாம இருக்கறதுக்கு வேணும்னே வெச்சது, அதைப் பாத்து பயந்துடாதீங்க. ஆனா லெஃப்டும் ரைட்டும் ஒரே டிகிரி சரிஞ்சிருக்கணும்.

அடுத்து டயகனல். கீழ் பிவட் போல்ட்டுல இருந்து பின்பக்கம் ஃப்ரேம்ல இருக்குற ஏதாவது ஒரு ஃபேக்டரி ஓட்டைக்கு குறுக்கா டேப் பிடிங்க, ரெண்டு குறுக்கும் 1/8 இன்ச்சுக்குள்ள ஒத்துப்போகணும். தரையில தூக்குகுண்டு விட்டு சாக்பீஸ்ல மார்க் பண்ணி அளந்தா இன்னும் சுத்தமா இருக்கும். எல்லாத்தையும் விட, ஃபெண்டரை மாட்டி வீல் சென்டரா வருதான்னு பாருங்க. 36 ஃபோர்டு மாதிரி வளைஞ்ச ஃபெண்டர்ல வீல் அரை இன்ச் பின்னாடி போனாலே கண்ணை உறுத்தும், அதை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் சரி பண்ணாது, வெட்டி எடுத்து திரும்ப அடிக்கறது ஒன்னுதான் வழி. பெயின்ட் அடிச்சப்புறம் தெரிஞ்சா அழுகைதான் வரும்.

பிரேக்கை எனக்கு மேல தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. சந்தேகம் என்னமோ எனக்கு ஒன்னு இருக்கு, போட்டோ வரட்டும்.

---

பட்டை_ஸ்பிரிங்_கட்சி

இதெல்லாம் படிக்கும்போதே களைப்பா இருக்கு. டிராப்டு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், ரெண்டு ஹேர்பின் (ஆக்ஸிலைப் பிடிக்கற கம்பி), வேலை முடிஞ்சுது. முன்னாடி ஆக்ஸில் வெளிய தெரியாத வண்டியை நான் ஹாட் ராடுன்னே சொல்ல மாட்டேன். 1940கள்ல காஞ்ச ஏரித் தரையில ரேஸ் ஓட்டினவங்க எல்லாம் ஐஎஃப்எஸ் வெச்சா ஓட்டினாங்க?

---

ஸ்பானர்_செட்டு

ஃபெண்டர் இல்லாத 32 ரோட்ஸ்டரா இருந்தா நானும் உங்க கட்சிதான் அண்ணே, அதுல ட்யூப் ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும் வெளிய தெரிஞ்சா பாக்கவே சகிக்காது. இது முழு ஃபெண்டர் வண்டி, உள்ள என்ன இருக்குன்னு படுத்துப் பாத்தாத்தான் தெரியும். கிராஸ் மெம்பரும் ஏற்கனவே அடிச்சாச்சு. அவங்க அன்னைக்கு எதை வெச்சு ஓட்டினாங்கன்னா கையில கிடைச்சதை வெச்சு. ஃபோர்டு 1939 மாடலுக்கு முந்தி ஹைட்ராலிக் பிரேக்கே குடுக்கலை, கம்பி இழுக்கற மெக்கானிக்கல் பிரேக்தான், அதுக்குன்னு நாமளும் கம்பியை இழுத்துக்கிட்டா இருக்க முடியும்?

---

பட்டை_ஸ்பிரிங்_கட்சி

மேனுவல் ரேக் வரைக்கும் ஒத்துக்கறேன், பூஸ்டர் போடாம இருந்தா இன்னும் ஒத்துக்கறேன். நடத்துங்க. 😄

---

ஏர்_எடுக்கறவன்

பித்தன் சார், போட்டோ வர்றதுக்கு முந்தியே ஒன்னு சொல்றேன், போய் காலிபரைப் பாருங்க. ப்ளீடர் ஸ்க்ரூ (காத்தை வெளிய விடற ஸ்க்ரூ) மேல பாக்குதா கீழ பாக்குதா? கீழ பாத்துச்சுன்னா லெஃப்ட் காலிபரை ரைட்லயும் ரைட் காலிபரை லெஃப்ட்லயும் மாட்டியிருக்காங்க. ஜிஎம் காலிபர் ரெண்டு பக்கமும் போல்ட்டு அச்சு அசலா உக்காரும், பேடும் உக்காரும், ரோட்டாரும் சுத்தும், ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. ஆனா காத்து எப்பவும் சிலிண்டரோட உச்சியில போய் நிக்கும், ஸ்க்ரூ அடியில இருந்தா நீங்க வருஷம் பூரா மிதிச்சாலும் ஆயில்தான் வெளிய வரும், காத்து மேலயே உக்காந்திருக்கும். ஏர் எடுத்து எடுத்து பெடல் கெட்டியாகலை, லீக்கும் இல்லைன்னா பத்துல எட்டு தடவை இதுதான் காரணம். மாத்தி மாட்டுங்க, பேன்ஜோ போல்ட்டை (ஹோஸைக் காலிபர்ல பிடிக்கறது) கழட்டினா ரெண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்க, பழசு ஒருக்கா நசுங்கினதோட சரி.

ரெண்டாவது, ரோட்டார் பிடிச்சுக்கறது. உங்க மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில இருக்கு, அதாவது காலிபரை விட தாழ்வா இருக்கு. அப்படி இருந்தா வண்டி நிக்கும்போது காலிபர்ல இருக்குற ஆயில் மாஸ்டருக்கே திரும்பி வடிஞ்சுடும், அடுத்த தடவை முதல் மிதிக்கு பெடல் பாதிக்கு மேல போயிடும். அதைத் தடுக்கத்தான் லைன்ல ரெசிடுவல் வால்வுன்னு ஒன்னு போடறது. டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. டிரம்ல ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால 10 தாங்கும், வீல் சிலிண்டர் கப்பும் விரிஞ்சு உக்காந்திருக்கும். டிஸ்க்ல பிஸ்டனைப் பின்னாடி இழுக்க ரப்பர் சீலோட முறுக்கு மட்டும்தான், அதுக்கு எதிர்ல 10 பிஎஸ்ஐ நின்னா பேடு ரோட்டாரை விடாது. பெரும்பாலான கம்பெனிங்க 2 பவுண்டு வால்வை நீலத்துலயும் 10 பவுண்டு வால்வை சிவப்புலயும் குடுப்பாங்க. உங்க முன் லைன்ல என்ன கலர் இருக்குன்னு பாருங்க. வால்வுல அம்புக்குறி வீலைப் பாத்து இருக்கணும், மாஸ்டரைப் பாத்து இல்லை.

வால்வு சரியா இருந்தும் பிடிச்சுதுன்னா புஷ்ராடைப் பாருங்க. பெடலை விட்ட நிலையில புஷ்ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவுல 1/16 இன்ச்சாவது ஆட்டம் இருக்கணும். இல்லைன்னா பிஸ்டன் முழுசா திரும்பாது, ரிசர்வாயருக்குப் போற குட்டி ஓட்டை மூடியே இருக்கும், ஆயில் சூடாகி விரிஞ்சா போக இடம் இல்லாம பிரேக் தானா பிடிச்சுக்கும். ரோட்ல போகப் போக பெடல் ஏறிக்கிட்டே வந்து கடைசில வண்டி நின்னுடுச்சுன்னு வர்ற கேஸ் பாதி இதுதான்.

மூணாவது நீங்க கேக்கலை ஆனா நான் கேக்கறேன். பெடல் ரேஷியோ என்ன? பெடல் பிவட்ல இருந்து பாதம் வைக்கிற இடத்து நடுவுக்கு எவ்வளவு, பிவட்ல இருந்து புஷ்ராடு ஓட்டைக்கு எவ்வளவு, ரெண்டையும் வகுத்து சொல்லுங்க. மாஸ்டர் போர் (உள் விட்டம்) என்னன்னும் சொல்லுங்க, வழக்கமா காஸ்டிங்லயே போட்டிருக்கும்.

---

எட்டுசிலிண்டர்_பித்தன்

அய்யோ சாமி. ப்ளீடர் ரெண்டும் தரையைப் பாத்துக்கிட்டு இருக்கு. முன் லைன்ல சிவப்பு வால்வு, பின் லைன்ல நீலம். மாட்டினவர் ரெண்டு வேலையையும் தலைகீழா பண்ணியிருக்காரு.

காலிபரை மாத்திட்டேன், வால்வையும் மாத்தி மாட்டிட்டேன். பின்னாடி தூர வீல்ல ஆரம்பிச்சு கிட்ட வர்ற வரிசையில ஏர் எடுத்தேன், லெஃப்ட் முன் காலிபர்ல இருந்து வந்த காத்தைப் பாக்கணுமே, ட்யூப் முழுக்க நுரை, அது அடங்கி ஆயில் மட்டும் வர ரொம்ப நேரம் ஆச்சு. இப்ப பெடல் மேலயே நிக்குது, ரோட்டாரும் விட்டா ஃப்ரீயா சுத்துது, பேடு லேசா உரசற சத்தம் மட்டும்.

பெடல் அளந்தேன். பிவட்ல இருந்து பேடு 12 இன்ச், புஷ்ராடு ஓட்டை 3 இன்ச். மாஸ்டர் 1 இன்ச் போர்.

டயகனல் 1/16 வித்தியாசம்தான். சாய்வும் செக் பண்ணேன், அந்த விஷயத்துல மனுஷன் நல்லாத்தான் பண்ணியிருக்காரு, வீல் ஃபெண்டர்ல நடுவுல வருது. ஷாக்குக்கு பதிலா பட்டை போட்டு பூட்டிட்டேன், இப்பத்தான் வண்டி மாதிரியே தெரியுது.

---

ஏர்_எடுக்கறவன்

12க்கு 3ன்னா 4க்கு 1. அது பூஸ்டர் வெச்ச வண்டிக்கான ரேஷியோ. பூஸ்டர் இல்லாம இதுல ஓட்டாதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க, கால்ல 100 பவுண்டு குடுத்து மிதிக்கறீங்கன்னு வைங்க, அது நல்லா அழுத்தின மிதிதான், புஷ்ராடுக்கு 400 பவுண்டு போகும். 1 இன்ச் போரோட பரப்பு 0.785 சதுர இன்ச், 400ஐ அதால வகுத்தா 510 பிஎஸ்ஐ. இந்த சைஸ் டிஸ்க்குக்கு நல்லா பிடிச்சு நிக்க 900, 1000 பக்கம் வேணும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. ஷெட்டுக்குள்ள மிதிச்சுப் பாத்தா ஆஹா என்ன கெட்டியா இருக்குன்னு சந்தோஷப்படுவோம், ரோட்ல போனாத்தான் விஷயம் தெரியும்.

ரேஷியோவை 6க்கு 1 ஆக்கினா அதே மிதிக்கு 600 பவுண்டு, 764 பிஎஸ்ஐ. அவசரத்துல யாரும் 100 பவுண்டோட நிறுத்த மாட்டோம், 150 மிதிச்சா 1146. அது போதும். இல்லை ரேஷியோவைத் தொடாம மாஸ்டரை 7/8 ஆக்கறேன்னு சொன்னா 400க்கு 665தான் வரும், பத்தாது. ரெண்டையும் பண்ணி 6க்கு 1, 7/8 போர்னு போனா 100 பவுண்டுக்கே 1000 பக்கத்துல வந்துடும், ஆனா போர் சின்னதாகும்போது அதே அளவு ஆயிலைத் தள்ள பிஸ்டன் அதிக தூரம் போகணும், பெடல் சுமார் 30 சதவீதம் கூட இறங்கும். ஜிஎம் காலிபர் பிஸ்டன் பெருசு, ஆயில் நிறைய குடிக்கும். என் ஓட்டு 6க்கு 1, இருக்கற 1 இன்ச் மாஸ்டரே இருக்கட்டும்.

ஆனா பெடல்ல சும்மா 2 இன்ச்ல புது ஓட்டை போட்டு விட்டுடாதீங்க. புஷ்ராடு ஒரு இன்ச் மேலயோ கீழயோ நகரும், மாஸ்டர் அதே இடத்துல இருந்தா ராடு சாஞ்சு போய் பிஸ்டனை ஓரமா தள்ளும், போர் ஒரு பக்கமா தேயும், சீல் போகும். மாஸ்டர் பிராக்கெட்டையும் சேத்து நகத்தணும். பாடி இன்னும் ஏத்தலையே, இப்ப பண்ணா அரை நாள் வேலை, அப்புறம் பண்ணா கார்பெட்டைக் கிழிக்கணும். அப்படியே ஃப்ளோர்ல மாஸ்டர் மூடிக்கு நேரா ஒரு கதவு மாதிரி வெட்டி வெச்சிடுங்க, இல்லைன்னா ஆயில் ஊத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் சர்க்கஸ் காட்டணும்.

பின் லைன்ல ப்ரொபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக் பிரஷரைக் குறைக்கறது) இருக்கா? அட்ஜஸ்ட் பண்ற டைப் ஒன்னு போடுங்க. முன்பாரம் கூடின சின்ன வண்டி, பிரேக் போட்டா பின்னாடி லேசாகும், டிரம் முதல்ல லாக் ஆனா வண்டி சுத்திடும். ஆளில்லாத இடத்துல மெதுவா ஓட்டிப் பாத்து, முன் வீல் முதல்ல லாக் ஆகுற வரைக்கும் பின் பிரஷரைக் குறைங்க.

---

புது_ரெஞ்ச்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே டைப் ஐஎஃப்எஸ்தான், ஆனா பவர் ரேக், எஞ்சின்ல ஜிஎம் பம்ப். ஸ்டீயரிங் பயங்கர லேசா இருக்கு, ஹைவேல மூச்சு விட்டா லேன் மாறுது. அலைன்மென்ட் பாத்தாச்சு சரியா இருக்குங்கறாங்க.

---

ஸ்பானர்_செட்டு

ஜிஎம் பம்ப்போட பிரஷரும் ஃப்ளோவும் அந்த ஃபோர்டு ரேக்குக்கு அதிகம், அதுதான் விஷயம். பம்ப்புக்கு பின்னாடி இருக்குற ஃபிட்டிங்ல ஃப்ளோ குறைக்கற கிட் கிடைக்கும், இல்லை பிரஷர் லைன்ல குறைக்கற வால்வு போடலாம். கேஸ்டர் எவ்வளவு வெச்சிருக்காங்கன்னும் கேளுங்க, பவர் ரேக்னா 3, 4 டிகிரி தாராளமா வைக்கலாம், மேனுவல்னா அவ்வளவு வெச்சா பார்க்கிங்ல கை வலிக்கும்.

பித்தன் சார், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. ஸ்பிரிங் இல்லாம இருக்குற இந்த நேரம்தான் பம்ப் ஸ்டீயர் (வீல் மேல கீழ ஆடும்போது தானா திரும்பறது) பாக்க சரியான நேரம், எஞ்சின் ஏத்தினப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க. முதல்ல ரேக்கை நடுவுல வைங்க, இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணி அதுல பாதி, டை ராடு ரெண்டு பக்கமும் ஒரே அளவு த்ரெட் உள்ள போயிருக்கணும். அப்புறம் அந்தப் பட்டையைக் கழட்டிட்டு, ஹப்புல ஒரு நேரான பலகையை போல்ட்டு போட்டு, ஜாக்கில கீழ் ஆர்மை 2 இன்ச் மேலயும் 2 இன்ச் கீழயும் கொண்டு போங்க. பலகையோட முன் நுனியும் பின் நுனியும் ஒரு நிலையான கம்பியில இருந்து எவ்வளவு தூரம் நகருதுன்னு பாருங்க. ரெண்டு நுனியும் சேந்து நகந்தா பரவால்லை, ஒன்னு முன்ன ஒன்னு பின்னன்னு போச்சுன்னா பள்ளம் மேடுல வண்டி தானா திரும்பும். ரேக்கோட உள் பிவட், மேல் ஆர்ம் உள் பிவட்டையும் கீழ் ஆர்ம் உள் பிவட்டையும் சேக்கற கோட்டுல இருக்கணும், அப்பதான் டை ராடும் ஆர்ம்களும் ஒரே கணக்குல ஆடும். ரேக் நீளம் கிட்டோட சேந்து வந்ததா இல்லை முந்தினவர் வேற எங்கயாவது எடுத்துப் போட்டாரான்னு பாத்துக்கோங்க, அவர் ட்ராக் ரெக்கார்டைப் பாத்தா எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு.

பால் ஜாயின்ட் நட்டு டார்க் (சொன்ன அளவு இறுக்கம்) வெச்சப்புறம் ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டு போங்க, ஓட்டைக்காக லூஸ் பண்ணவே கூடாது, டேப்பர் பிடிப்பு போயிடும். வீல் பேரிங் அதுக்கு நேர் எதிர். ரோட்டாரைச் சுத்திக்கிட்டே 17ல இருந்து 25 ஃபுட் பவுண்டுக்கு டைட் பண்ணி கிரீஸும் பேரிங்கும் உக்காந்தப்புறம், அரை சுத்து லூஸ் பண்ணி, திரும்ப 10, 15 இன்ச் பவுண்டுக்கு மட்டும், அதாவது விரல்ல பிடிச்ச அளவுதான், அதோட பின் போட்டுடணும். ரெண்டையும் ஒரே மாதிரி டைட் பண்ணி பேரிங்கை நீலமா எரிச்சு வெச்ச ரோட்டார் நிறைய பாத்திருக்கேன்.

---

எட்டுசிலிண்டர்_பித்தன்

பம்ப் ஸ்டீயர் பாத்தேன். மேல போகும்போது ஒன்னுமே இல்லை, கீழ 2 இன்ச் இறங்கும்போது மட்டும் லேசா டோ அவுட் (வீல் முன்பக்கம் வெளிய விரியறது) ஆகுது, நூல் அளவு. ரேக் கிட்டோட பார்ட் நம்பரோட ஒத்துப்போகுது, அவரைத் தப்பா நினைச்சிட்டோம். 😀

பெடல் பிராக்கெட் வெட்டி நகத்தற வேலை ஆரம்பிச்சாச்சு. ப்ரொபோர்ஷனிங் வால்வு இல்லை, அதுக்கு லைன் வெட்டணும். லைன் பூரா ஸ்டெயின்லெஸ், நான் ஃப்ளேரிங் டூல்ல ஒரு துண்டு அடிச்சுப் பாத்தேன், டபுள் ஃப்ளேர் (ட்யூப் வாயை விரிச்சு மடிக்கறது) நுனி வெடிக்குது. கீறல் நல்லாவே தெரியுது. அப்புறம் டாட் 5 சிலிக்கான் பிரேக் ஆயில் ஊத்தினா பெயின்ட் கெடாதுன்னு சொல்றாங்களே, உள்ள இருக்குறது டாட் 3, மேல ஊத்தலாமா?

---

ஏர்_எடுக்கறவன்

ஊத்தாதீங்க. டாட் 3, 4, 5.1 மூணும் கிளைக்கால், ஒன்னோட ஒன்னு கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான், மத்ததோட சேராது. அதுக்குப் போகணும்னா எல்லாத்தையும் பிரிச்சு சுத்தமா காய வெச்சு புது சீலோட ஆரம்பிக்கணும். தவிர அதுல சின்னச் சின்ன காத்துக் குமிழ் மாட்டிக்கிட்டு வெளிய வராது, இவ்வளவு பாடுபட்டு பெடலைக் கெட்டியாக்கிட்டு திரும்ப அங்க போக வேண்டாம். பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திடுங்க, அவ்வளவுதான்.

ஸ்டெயின்லெஸ் ட்யூபை சாதா டூல்ல 45 டிகிரி டபுள் ஃப்ளேர் அடிச்சா வெடிக்கத்தான் செய்யும், அது அவ்வளவு கெட்டி. ஸ்டெயின்லெஸ்னா 37 டிகிரி சிங்கிள் ஃப்ளேர், அதுக்கான ஏஎன் (37 டிகிரி ஃபிட்டிங் வகை) நட்டும் ஸ்லீவும்தான் வழி. இப்ப போட்டிருக்கற ஃபிட்டிங் என்ன டிகிரின்னு முதல்ல பாருங்க, 37ஐ 45ல மாட்டினா டைட் ஆகுற மாதிரி ஆகும், கோடு மாதிரி ஒரு இடத்துல மட்டும்தான் தொடும், பிரஷர்ல கசியும். டூல் வாங்கற மனசு இல்லைன்னா அந்த ஒரு லைனை மட்டும் காப்பர் நிக்கல் ட்யூப்ல பண்ணிடுங்க, கையாலயே வளையும், 45 டபுள் ஃப்ளேர் வெண்ணெயா வரும், துருவும் பிடிக்காது. சுத்த காப்பர் ட்யூப் வேண்டவே வேண்டாம். கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் பிரேக் லைன்ல கூடாது.

எல்லாம் முடிஞ்சப்புறம், பெடலை முழு பலத்தோட அழுத்தின நிலையில சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டுக் குடுத்து விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ஞ்ச டிஷ்யூ பேப்பரால சுத்தித் தொடுங்க. கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பர்ல தெரிஞ்சுடும். முன் ஹோஸ் ரெண்டையும் வீலை முழுசா திருப்பி, சஸ்பென்ஷனை முழுசா தொங்க விட்டும் பாருங்க, எங்கயும் இழுக்கக்கூடாது, டயர்ல உரசக்கூடாது. நீங்க காலிபரை மாத்தினதால ஹோஸ் போற பக்கமும் மாறியிருக்கும், அதனால சொல்றேன்.

---

ஸ்பானர்_செட்டு

ஒன்னு விட்டுட்டோம். கண்ட்ரோல் ஆர்ம் புஷ் ரப்பரா யூரித்தேனா? ரப்பர்னா பிவட் போல்ட்டை இப்ப கைக்கு வர்ற அளவுக்கு மட்டும் வைங்க. எஞ்சின், பாடி எல்லாம் ஏத்தி வண்டி சொந்தக் கால்ல தரையில நிக்கும்போதுதான் ஃபைனல் டார்க். தொங்கற நிலையில டைட் பண்ணா புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யா காட்டும். யூரித்தேன்னா அந்தக் கவலை இல்லை, கிரீஸ் மட்டும் தாராளமா வைங்க, இல்லைன்னா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் கத்தும்.

அலைன்மென்ட்டுக்குப் போகும்போது கேம்பர் (வீல் பக்கவாட்டுச் சாய்வு) பூஜ்யத்துல இருந்து மைனஸ் அரை டிகிரிக்குள்ள, டோ இன் (வீல் முன்பக்கம் உள்ள சேர்றது) 1/16ல இருந்து 1/8 இன்ச், மேனுவல் ரேக்குக்கு கேஸ்டர் 2 டிகிரி பக்கம்னு சொல்லிடுங்க. 1936 ஃபோர்டுன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தேடிக்கிட்டு நிப்பாங்க, அதனால நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க.

---

எட்டுசிலிண்டர்_பித்தன்

ரப்பர்தான். நாலு போல்ட்டையும் லூஸ் பண்ணி ஒவ்வொன்னுலயும் மஞ்சள் டேப் ஒட்டிட்டேன், எஞ்சின் ஏத்தினப்புறம் கண்ணுல படட்டும்னு. காப்பர் நிக்கல் ட்யூபும் ப்ரொபோர்ஷனிங் வால்வும் ஆர்டர் போட்டாச்சு.

பட்டை ஸ்பிரிங் அண்ணே, அந்தப் பழைய ஐ பீம் ஆக்ஸில் டப்பாக்கு அடியில கிடக்கு. வேணுமா?

---

பட்டை_ஸ்பிரிங்_கட்சி

கிங்பின் (வீல் திரும்பற முள்) ஓட்டை தேயாம இருக்கான்னு மட்டும் பாத்து சொல்லுங்க, வண்டி எடுத்துட்டு நானே வர்றேன்.